பத்து டென்ட்டும் ஒரே கயிறும்

1. ஏணி இல்லாத பந்தல்

முப்பது வருஷம் கல்யாணப் பந்தல் போட்டவன் நான். கீழப்பாவூரில் ஒரு சடங்கு வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போனது. பெண்ணுக்குச் சடங்கு நன்றாக நடந்தது, எனக்குத்தான் மாவுக்கட்டு. இனி ஏணியில் ஏறக்கூடாது என்றார் டாக்டர். மற்றவர்களுக்கு அது மருத்துவ ஆலோசனை. பந்தல்காரனுக்கு டிஸ்மிஸ் ஆர்டர்.

அந்த நேரத்தில்தான் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், ஒரு குளத்தின் மேற்குக் கரையில், புதிதாக டென்ட் கேம்ப் ஆரம்பித்தார்கள். முதலாளி முத்துக்குமார் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் ஒரு டென்ட்டை விரித்துக் காட்டினார். நெஞ்சு உயரம்தான் இருந்தது. உட்கார்ந்துகொண்டே கட்டலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொத குரூப்பு நல்லபடியா போவட்டும் அண்ணாச்சி. அப்புறம் நீங்கதான் பர்மனென்ட் சூப்பர்வைசர்" என்றார்.

ஆக, முன்பின் தெரியாத இருபது பேருடைய தூக்கத்தில் என் சோறு இருந்தது.

2. உளுந்தவடைக்கு அடியில் இருந்த பேப்பர்

டென்ட்டோடு ஒரு பை நிறைய விரல் நீளக் கம்பிகளும், படம் போட்ட பேப்பர் ஒன்றும் வந்தன. சவுக்குக் கம்பு நட்ட கைக்கு அந்தக் கம்பிகள் பல் குத்துகிற சாமானாகத் தெரிந்தன. பையோடு ஓரமாக வைத்துவிட்டேன். பேப்பர் நல்ல தடிமன். அதில் உளுந்தவடையை வைத்துத் தின்றேன்.

பந்தல் சாஸ்திரம் என்று ஒன்று உண்டு. ஒரு கால் இன்னொரு காலைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒன்று ஆடினாலும் மற்றது தாங்கும். அதே முறையில் வடக்கே ஒரு பனை, தெற்கே ஒரு பனை, நடுவில் பத்து டென்ட், எல்லாவற்றையும் கோத்து ஒரே நைலான் கயிறு. வருகிறவர்களுக்கு மலை தெரிய வேண்டும் என்று வாசல்களை மேற்கே வைத்தேன். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பத்து வாசலையும் திறந்தே விட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். வாழைமரம் கட்டாததுதான் குறை.

3. இயற்கையைத் தேடி வந்தவர்கள்

சென்னையிலிருந்து ஆபீஸ் கும்பல் காலையிலேயே வந்து இறங்கியது. இயற்கையோடு இரண்டு நாள் இருக்க வந்தவர்கள் முதலில் சார்ஜ் போடும் இடத்தைக் கேட்டார்கள். அடுத்து வைஃபை. குளத்தில் தவளை கத்துமா, கத்தினால் எத்தனை மணிக்கு நிறுத்தும் என்று ஒருவர் கேட்டார். சொல்லி வைக்கிறேன் என்றேன்.

நிவேதா என்ற பெண் மட்டும் சொந்த டென்ட் கொண்டுவந்திருந்தாள். என் கயிறு வேண்டாம் என்று தனியாகப் போட்டாள். வாசலைக் குளத்துப் பக்கம் வைத்தாள். அந்தப் பல் குத்துகிற கம்பிகளைச் சாய்த்துச் சாய்த்து அடித்தாள்.

"நேரா அடிக்கணும்மா. நான் முப்பது வருசமா கம்பு நடுதவன்" என்றேன்.

"சாய்ச்சு அடிச்சாதான் அங்கிள் பிடிக்கும். பேப்பர்ல போட்டிருக்குமே, பாக்கலையா?"

பேப்பரை நினைத்துக்கொண்டேன். எண்ணெய்தான் நினைவுக்கு வந்தது.

பைகளை டென்ட்டுகளில் போட்டுவிட்டு, எல்லோரும் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வேனில் புறப்பட்டார்கள்.

4. ஆனி மாதத்துக் காற்று

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பந்தலில் நாலு பக்கமும் திறப்பு. வந்த காற்று மறுபக்கம் போய்விடும். டென்ட்டில் வாசல் மட்டும்தான் உண்டு, மறுபக்கம் கிடையாது. இது எனக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குத் தெரிந்தது.

பத்து டென்ட்டும் ஒரே நேரத்தில் பூரி மாதிரி உப்பின. முதல் டென்ட் எழும்பியது. மற்றது தாங்கும் என்பது சாஸ்திரம். மற்றது கூடவே கிளம்பியது. வடக்குப் பனையில் போட்ட முடிச்சு வழுக்கிக்கொள்ள, பத்தும் கூட்ஸ் ரயில் மாதிரி வரிசை குலையாமல் போய்க் குளத்தில் இறங்கின. தெற்குப் பனையில் என் முடிச்சு மட்டும் அசையவில்லை. கரையில் நிவேதாவின் டென்ட் சாரலில் நனைந்தபடி நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் நான் பைகளை இழுத்துக்கொண்டிருக்கும்போது வேன் வந்தது. இருபது பேரும் ஈர உடம்போடு இறங்கினார்கள். நிவேதாவுடையது தவிர மாற்றுத்துணி அத்தனையும் குளத்தில். பின்னாலேயே முதலாளியும் பைக்கில் வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது?"

குற்றாலத்தில் எது காணாமல் போனாலும் பழி போட ஒரு ஆள் உண்டு. "இந்தக் கொரங்குவ..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பனையில் இருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "கொரங்கு பந்தல் முடிச்சு போடுமா அண்ணாச்சி?"

நிவேதா சிரிப்பை அடக்கியது தெரிந்தது. எனக்கு வேறு வழி இல்லை. "நான்தான் தம்பி கட்டினேன். அந்தப் பேப்பரப் பாக்கல. ஏணியும் ஏற முடியாது, இதயும் விட்டா எனக்கு வேற வேல தெரியாது" என்றேன்.

அவர் பைக்கைத் திருப்பித் தென்காசிக்குப் போய் ஆண்களுக்குக் கைலியும் பெண்களுக்கு நைட்டியும் வாங்கி வந்தார். அவற்றை உடுத்திக்கொண்டு அவர்கள் ஐம்பது போட்டோ எடுத்தார்கள். உண்மையான கிராமத்து அனுபவம் என்று இணையத்தில் எழுதினார்கள். நல்ல பெயர் யாருக்கு எப்படி வரும் என்று சொல்லவே முடியாது.

5. கற்ற பாடம்

அன்று சாயங்காலம் நிவேதாவிடம் குனிந்து நின்று பாடம் கேட்டேன். ஒவ்வொரு டென்ட்டும் தனியாக நிற்க வேண்டும், முதுகைக் காற்றுக்குக் காட்ட வேண்டும், கம்பியைச் சாய்த்து அடிக்க வேண்டும். சாரல் விட்டதும் அதே காற்றில் பத்தையும் உலர்த்தி, திரும்பக் கட்டி முடித்தேன். முதலாளி வந்தார்.

"இப்ப உள்ள போயி படுங்க அண்ணாச்சி. ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிசம். இனிமே தெனமும் இதான். சம்மதம்னா வேலையில இருங்க."

படுத்தேன். முப்பது வருஷத்தில் நான் போட்ட பந்தல் எதற்குள்ளும் நான் உட்கார்ந்தது கிடையாது. கட்டினதும் லாரி ஏறிவிடுவோம். காற்றடித்தால் அது மாப்பிள்ளை வீட்டார் தலைவிதி. முதல் தடவையாக நான் கட்டியதற்கு அடியில், மேலே துணி படபடக்க, எந்தக் கயிறு தொய்கிறது என்று காது கொடுத்துக் கிடந்தேன். மூன்றாவது டென்ட்டில் எழுந்து போய் இரண்டு கம்பியைத் திரும்ப அடித்தேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, கட்டி முடித்ததும் உள்ளே போய்ப் படுங்கள். தூக்கம் வந்தால் கட்டு சரி. பயம் வந்தால் சுத்தியலை எடுங்கள்.