மாமாவின் வலது கால்

என் மாமனார் என்னிடம் நேருக்கு நேர் பேச மாட்டார். 2004-ல் கல்யாணமாகி நான் கடலூர் முதுநகருக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். என் கணவர் வீட்டில் இருந்தால் அவர் வழியாகச் சொல்லி அனுப்புவார். கணவர் நெய்வேலிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டால், எதிர்ச் சுவரைப் பார்த்து, "காபி ஆயிடுச்சான்னு கேளு" என்பார். வீட்டில் மிச்சம் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். "யாரைக் கேக்கச் சொல்றீங்க மாமா? சுவத்தையா?" என்று நான் அடுப்படியிலிருந்தே கத்துவேன். டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு வருவேன். மருமகளிடம் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று அவர் வளர்ந்த வீட்டில் பழக்கியிருந்தார்களாம். எனக்கு வாய் ஜாஸ்தி. அவருக்கு வாயே கிடையாது. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டதால் நடுவில் நின்று சமாளிக்கவும் ஆள் இல்லை.

மாமா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தெரியும். எங்களோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாலும், ஸ்டாப்பிங் வரும்போது அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் போடுகிறாராம். "உங்கப்பா பஸ்ஸ நிறுத்திட்டாரு, எறங்குங்க" என்று நான் கணவரின் காதில் சொல்லிச் சிரிப்பேன்.

கல்யாணமான அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவதாக நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். என் புடவைக்கு இஸ்திரி போட்டுத் தரவில்லை என்று நான் பிடித்த சண்டையில் கிளம்ப நேரமாகிவிட்டது. அதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது என்று தெருவே ஓடியது. எங்களுக்குத் தெரிந்தவர்கள் சிலர் அன்று திரும்பி வரவில்லை. நாங்கள் தப்பித்ததற்காக மாமா ஒரு நேர்ச்சை எடுத்தார். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் செருப்பு போடாமல் நடப்பது என்று. காவி கட்டி வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு, ஆகவே இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி. "எனக்காக நீங்க செருப்பைக் கழட்ட வேணாம் மாமா, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுங்க, அது போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். சுவர் கேட்டுக்கொண்டது.

தவக்காலக் கடைசியில் வரும் பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பங்குச்சாமி பன்னிரண்டு ஆண்களின் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டில் பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் பெரிய கௌரவம். அன்று மத்தியானம் அந்தப் பன்னிரண்டு வீட்டுக் கிணற்றடியிலும் நடக்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். வெந்நீரில் காலை ஊறப்போட்டு, பீர்க்கங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, மேலே பவுடரும் போட்டு அனுப்புவார்கள். சாமி அழுக்குக் காலைத் தொட்டுவிடக் கூடாதாம். அப்படியென்றால் அவர் எதைத்தான் கழுவுகிறார் என்று நான் கேட்டால், "ஒனக்கு எல்லாமே கிண்டல்தான்" என்பார் கணவர்.

2010-ல் மாமாவின் பெயர் வந்தது. முதல் தடவை. சந்தோஷத்தைக் கூட அவர் சுவரிடம்தான் சொன்னார்.

அந்தத் தவக்காலத்தில்தான் வீடு துடைக்கும்போது நான் ஒரு கறையைப் பார்க்க ஆரம்பித்தேன். சிமெண்ட் தரையில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தால் போகும், மறுநாள் வேறு இடத்தில் இருக்கும். சர்பத் சிந்தினால் பிசுபிசுக்குமே, அந்த மாதிரி. சாப்பிட்ட கையோடு திரிகிறார் என்று கணவரைத் திட்டினேன். பெரிய வியாழன் மத்தியானம் மாமா தானாகவே வெந்நீர் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் துணி காயப்போட அந்தப் பக்கம் போனபோது ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். மாமா வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்து, அடிப்பாதத்தில் புண் வாயைத் திறந்து கிடந்தது. அவருக்கு வலியே இல்லை. ரோட்டில் எதையோ மிதித்திருக்கிறார், மிதித்ததே தெரியவில்லை. தெரிந்த பிறகும் சொல்லவில்லை, சொன்னால் பன்னிரண்டு பேரிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுவார்களே என்று.

"ஐயோ மாமா! என்ன மாமா இது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பூசைக்குப் போக வேண்டியவரை ஆட்டோவில் தூக்கி வைத்துச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இந்தப் புண்ணு ஆறணும். தெனமும் கழுவிக் கட்டணும், ஒரு நாள் கூட விடக் கூடாது. மேல ஏறிடுச்சின்னா முட்டிக்குக் கீழ காலையே எடுக்க வேண்டியிருக்கும்." மாமா தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த கால் அது.

யார் கட்டுப் போடுவது? கணவர் நர்ஸ் காட்டிக்கொடுக்கும்போதே முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆக, நான்தான்.

மறுநாளிலிருந்து காலையில் எங்கள் பின்னறையில் இதுதான் வேலை. மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலிமேல் வைப்பார். நான் தரையில் உட்கார்ந்து பழைய கட்டை அவிழ்த்து, மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, துடைத்து, மருந்து வைத்துக் கட்டுவேன். மருமகளுக்கு முன்னால் காலை நீட்டுவதே அவருக்குப் பெரிய தண்டனை. முதல் நாள், காலைத் தூக்கி வைக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தார். "வைக்கிறீங்களா, இல்ல நான் பிடிச்சி இழுக்கட்டுமா?" என்றேன். வைத்தார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முடியும்வரை திரும்ப மாட்டார், பேச மாட்டார். அந்த மௌனம் தாங்காமல் நானே பேசிக்கொண்டிருப்பேன். பாலில் தண்ணீர் கலக்கிறான், கேஸ் சிலிண்டர் வரவில்லை, கத்தரிக்காய் முழுக்கப் புழு என்று எல்லாரையும் திட்டித் தீர்ப்பதற்குள் கட்டு முடிந்துவிடும். எழும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவேன். இடுப்பில் ஒரு பிடிப்பு வந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு யார் கட்டப்போகிறார்கள்?

அப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்றே தெரியாது. பின்னறை பகலிலும் இருட்டு. கரண்ட் போனால் மாமா கையில் டார்ச் இருக்கும். நான் கேட்காமலே எடுத்து வைத்திருப்பார். முகம் ஜன்னல் பக்கம், டார்ச் புண்ணின் பக்கம். பார்க்காமல் அடித்தால் வெளிச்சம் எங்கே நிற்கும்? என் மூக்கில் அடிக்கும், கதவில் அடிக்கும். "மாமா, வெளிச்சத்தை இங்க காட்டுங்க! என் மூஞ்சிலயா புண்ணு இருக்கு?" என்பேன். டார்ச் மெதுவாக இறங்கி வந்து காலில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பங்குச்சாமி, கிறிஸ்துவைப் போல வாழுங்கள், இருட்டில் இருப்பவர்களுக்கு வெளிச்சமாக இருங்கள் என்பார். எனக்கு உள்ளே சுறுசுறுவென்று ஏறும். ஒரு நாள் பூசை முடிந்து வெளியே வந்தவரை மறித்துக் கேட்டேவிட்டேன். "ஃபாதர், இயேசு ஒரே ஒரு சாயங்காலம்தான் காலைக் கழுவுனாரு. மறுநாளும் அதே காலு, அதுக்கு மறுநாளும் அதே காலுன்னா, அவரு என்ன பண்ணியிருப்பாரு?" என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். சாமி கோபப்படவில்லை. "எனக்குத் தெரியலம்மா. நாங்க வருஷத்துக்கு ஒருக்கா செஞ்சி காட்டுறோம், அவ்ளோதான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கார்த்திகை மழையில் புண் திரும்பவும் கெட்டது. ஆறிவந்த ஓரத்தில் கறுப்பு தெரிந்தது. ரோடெல்லாம் தண்ணீர். ஊர்ந்து போன பஸ்ஸில் சிதம்பரம் போனோம். மாமா வழியில் ஒரு ஸ்டாப்பிங்கிலும் காலை அழுத்தவில்லை. டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, "ஒரு வாரம் பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா எடுத்துட வேண்டியதுதான்" என்றார். வெளியே வந்ததும் மாமா ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து, "எடுக்கட்டும்னு சொல்லு. எத்தனை நாளைக்கு இந்தக் கஷ்டம்" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "கஷ்டம் யாருக்கு? எனக்கா, ஒங்களுக்கா? இத்தனை மாசம் நான் கழுவுனது வெட்டிக் குப்பையில போடுறதுக்கா? அந்தக் காலு ஒங்களுது மட்டும் இல்ல மாமா, அதுல எனக்கும் பங்கு இருக்கு!" என்று நடு வராந்தாவில் கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் டாக்டர் சொன்னபடி காலையிலும் சாயங்காலத்திலும் கட்டு மாற்றினேன். திட்டக்கூட வாய் வரவில்லை. ஜெபம் சொன்னேனா என்றால், கை வேலை செய்யும்போது மனசு "ஆறிடு, ஆறிடு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது, அதைத்தான் ஜெபம் என்று சொல்ல வேண்டும். ஒரு காலையில் கறுப்பு போன இடத்தில் வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பில் புதுச் சதை தெரிந்தது. டார்ச் வெளிச்சம் நான் சொல்லாமலே சரியாக அந்த இடத்தில் நின்றது. மாமா எட்டிப் பார்த்திருக்கிறார். நான் நிமிர்வதற்குள் முகம் ஜன்னலுக்குப் போய்விட்டது. டாக்டர் அந்த வாரக் கடைசியில் பார்த்துவிட்டு, "கால் தப்பிச்சிடுச்சி" என்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் காத்திருந்தேன். முட்லூர் வந்ததும் வலது கால் தரையை அழுத்தியது. அவ்வளவுதான்.

பொங்கலுக்குப் பிறகு புண் மூடிவிட்டது. ஆனாலும் தினமும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நாற்காலி, முக்காலி, ஜன்னல் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. அந்தத் தவக்காலத்தில் செருப்பைக் கழட்டப் போனவரிடம், "கழட்டிப் பாருங்க, அப்புறம் இருக்கு ஒங்களுக்கு" என்றேன். கோயிலுக்குள்ளும் செருப்போடுதான் அழைத்துப் போனேன். எவராவது ஏதாவது கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

2011 பெரிய வியாழனுக்கு, போன வருஷம் விட்டுப்போனவர் என்று மாமாவையே திரும்பக் கூப்பிட்டார்கள். மற்ற பதினொரு வீட்டிலும் பீர்க்கங்காய் நார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் விசேஷமாக எதுவும் இல்லை, வழக்கம்போலக் காலையிலேயே கழுவியாகிவிட்டது.

சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூட்டம் வெளியே வரை நின்றதால், தெருவுக்கும் கேட்க ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். சாமியின் சட்டைக் கழுத்தில் சின்ன மைக் குத்தியிருந்தது. ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டே வந்தார். மாமாவின் முறை வந்ததும், மாமா பழக்க தோஷத்தில் வலது காலை நீட்டிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சாமி அந்த மூன்று விரல் காலைப் பார்த்தார். மற்றவர்களுக்கு ஊற்றியதுபோல மேலோடு ஊற்றவில்லை. மண்டிபோட்டு, விரல் இருந்த இடத்தையெல்லாம் கையால் தடவி, பொறுமையாகக் கழுவிக்கொண்டேயிருந்தார். அப்போதுதான் ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது.

"போதும்மா, எந்திரி. ஒனக்கு இடுப்பு வலிக்கும்."

கோயில் முழுக்க ஒரு சிரிப்பு அலை. அம்மாவா? சாமியைப் போய்ப் பெரியவர் அம்மா என்கிறாரே என்று ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா திடுக்கிட்டுத் திரும்பி, தனக்கு முன்னால் மண்டிபோட்டிருப்பது யார் என்று பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். சாமி சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார்.

நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதேன். இடுப்பு வலி என் கணவருக்கே தெரியாது. ஒரு வருஷமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். தினமும் காலையில் மனசுக்குள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஊருக்கே கேட்கிற மாதிரி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள், "ஏன் அழுவுற, ஒங்க மாமா தமாஷாத்தான் பேசிட்டாரு" என்று சமாதானம் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்!

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் மாமா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, காலை முக்காலிமேல் வைத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு சுவரிடம் சொன்னார்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கான்னு கேளு."

நான் கையை விட்டுப் பார்த்துவிட்டு, அதே சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இருக்குன்னு சொல்லு."