கோர்ட்டு உத்தரவில் ஒட்டிய படம்

காலை ஐந்து நாற்பது. உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது சந்தனம் பூசிய ஒரு சின்னத் தலை. அருகில் போன பிறகுதான் அது எங்கள் விடுதிக் குழந்தை என்று தெரிந்தது.

எழுபதுகளின் கடைசி. அது ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரம். நாளிதழ் வேலையை விட்டுவிட்டு, அனாதைக் குழந்தைகள் விடுதி ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க ஸ்வீடனில் ஒரு தம்பதி காத்திருந்தார்கள். பதினான்கு மாதமாகக் கோப்பு செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் அலைந்தது. சான்றிதழில் முத்திரை மங்கல் என்று ஒருமுறை திரும்பி வந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போனதால் இரண்டு மாதம் கிடந்தது.

தம்பதிக்கு அவர்கள் அரசு கொடுத்திருந்த அனுமதி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும். இவளுக்கு ஜூன் கடைசியில் ஐந்து முடிகிறது. அந்தப் பிறந்த தேதியே நாங்கள் உத்தேசமாக எழுதியதுதான்.

முந்தின வாரம் கோர்ட்டு உத்தரவு வந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் குழந்தையை நேரில் காட்டுவது ஒன்றே பாக்கி. "இனி கவலையில்லை" என்று, விடுதிக்காக அவளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்த பெண்ணிடம் சொன்னவன் நான். வயல் வேலைக்குப் போகிறவள், விதவை.

"என்னம்மா இது?" என்று குழந்தையோடு நின்ற அவளிடம் கேட்டேன்.

"வேண்டுதல் சார். ஆர்டர் வந்தா மொட்ட போடறேன்னு சொல்லிக்கினு இருந்தேன். சாமிக்குச் சொன்னதச் செய்யாம கடலத் தாண்டி அனுப்சா, கொயந்தைக்குத்தானே எதுனா ஆவும்?"

பஸ்ஸில் கண்டக்டர், "மொட்டைக்கு டிக்கெட் இல்லம்மா, மடில வெச்சிக்க" என்றார். குழந்தை சிரித்தாள்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் அதிகாரி படத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் நெற்றி மறையும் அளவு முடி, இரட்டைப் பின்னல்.

"இது அதே பொண்ணுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

புதுப் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். கோர்ட்டு உத்தரவில் ஒட்டி முத்திரையிட்ட படத்தோடு அது ஒத்துப்போகாது என்றார். உத்தரவைத் திருத்தி வாங்க மறுநாளே செங்கல்பட்டுக்குப் போனேன். மனுவை வாங்கிக்கொண்டு, கோடை விடுமுறை முடிந்துதான் எடுப்பார்கள் என்றார்கள்.

மே முழுவதும் அவள் குழந்தையின் தலைக்கு விளக்கெண்ணெய் தேய்த்தாள். வாரம் தவறாமல் விடுதிக்கு வந்து, குழந்தையின் தலையைத் தடவி என்னிடம் காட்டினாள். ஒருநாள் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி என் எதிரிலேயே சொன்னாள்: "இன்னாடி, அனுப்ப மனசு வராமத்தானே மொட்ட போட்டே?"

"போவணும்னுதான்டி வேண்டிக்கினேன்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் பண்ணது தப்பா சார்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

கோர்ட்டு திறந்தது. இரண்டு வாய்தா போயிற்று. திருத்திய உத்தரவு ஜூலை இரண்டாம் வாரம் கைக்கு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்திருந்தது. அனுமதியை நீட்டிக்க அவர்கள் அரசு மறுத்துவிட்டது. தம்பதிக்கு வேறு ஒரு குழந்தையை ஒதுக்கியிருந்தார்கள்.

அந்த வாரமே குழந்தையை உள்ளூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.