பெயர் போடாத பெட்டிசம்

தணிகாசலம் அண்ணை காலமான செய்தி லண்டன் வெம்பிளி பார்க் ஸ்டேஷனில், வேலைக்குப் போகிற அவசரத்தில், பழைய பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு வந்தது. அவருடைய மகள் மூன்று வரி எழுதியிருந்தாள். அதன் கீழே முதல் ஆளாக வரதன் எழுதியிருந்தார்: “எனக்காக ஒருநாள் எழும்பி நிண்ட மனிசன்.” அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மேடையிலேயே நின்றேன்.

அண்ணை தலைவராயிருந்த எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு வருடம் நான் செயலாளர். அதனால்தான் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி மகள் கேட்டாள். அவரை அறிந்தவர்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்கு: லண்டன் கல்லூரி ஒன்றில் வரலாறு படிப்பித்தவர், அமெரிக்க அரசு உருவான கதையில் ஊறியவர். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பத்தொன்பது பக்கத்தில் ஒரு யாப்பு, அதாவது அமைப்புச் சட்டம், எழுதி வைத்தவரும் அவர்தான். “அமெரிக்காவுக்கே இவ்வளவு நீளம் தேவைப்படேல்லை அண்ணை” என்று சீண்டுவோம். அவருக்குச் சிரிப்பு வராது.

“அவங்கள் ஒண்டும் புதுசாக் கண்டுபிடிக்கேல்லை. இங்கிலாந்துக்காரன்ர சட்டத்தை இங்கிலாந்துக்காரனுக்கே திருப்பி வாசிச்சுக் காட்டினவங்கள்” என்பார். அரசனின் அதிகாரிகள் எந்த வீட்டையும் எந்த நேரமும் கிளறலாம் என்று பெயரும் இடமும் குறிக்காத ஒரு திறந்த ஆணைத் தாளோடு வந்ததையும், படையினரை ஊருக்குள் கொண்டுவந்து இருத்தியதையும் குடியேற்றக்காரர்கள் மறக்கவில்லை. அதனால்தான் தங்கள் யாப்பில் அப்படிக் கிளறுவதையும் வீட்டில் படையினரை இருத்துவதையும் தடுத்து இரண்டு திருத்தம் எழுதினார்கள் என்று விளக்குவார். யாழ்ப்பாணத்தில் இவருடைய வீட்டை ஆமிப் படையினர் மூன்று தரம் கிளறினார்கள். “அந்த ரெண்டு திருத்தத்தையும் நான் புத்தகத்திலையிருந்து படிக்கேல்லை” என்று ஒருமுறை சொன்னார்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வகுப்புகள் நடந்த எங்கள் மண்டபத்தின் அவசர வாசலை மறித்து, ஆண்டுவிழா மேடைச் சாமான்கள் குவிந்து கிடந்தன. வரதன் அப்போது இரண்டு பெண்பிள்ளைகளை எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்த தகப்பன். நிர்வாகக் கூட்டத்துக்கு வந்து, “நெருப்பெண்டால் பிள்ளையள் எந்தப் பக்கத்தாலை ஓடுறது?” என்று கேட்டார். “உமக்கு எல்லாத்திலையும் பிழைதான்” என்று ஒருவர் வாயடைத்தார். வரதன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து “பரிசீலிக்கப்படும்” என்று குறிப்பில் எழுதினேன். அவ்வளவுதான் என் வீரம். இரண்டு கிழமை கழித்து கவுன்சிலுக்கு பெயர் போடாமல் ஒரு மொட்டைப் பெட்டிசம், அதாவது முறைப்பாடு, போனது. மண்டபத்தை மூடிவிட்டார்கள். பரீட்சைக்கு இருந்த பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுக்க வகுப்பில்லை.

அந்தப் பெட்டிசத்தை எழுதியவன் நான். நூலகத்துக் கம்பியூட்டரில், என்னை யாரும் பிடிக்காதிருக்க வேண்டுமென்றே ஆங்கிலத்தில் நாலு பிழை விட்டு எழுதினேன்.

பழி வரதன் தலையில் விழுந்தது. அவசரப் பொதுக்கூட்டத்தில் எண்பது பேர் திரண்டிருந்தார்கள். “குடும்பத்தோடை வெளியிலை போடுங்கோ!” என்று பின்வரிசை கத்தியது. வரதனின் மனைவி சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். வகுப்புகள் நின்றதில் அண்ணைக்கும் வரதன் மேல் கடுங்கோபம், கையைக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றார்.

“பாஸ்டனிலை இங்கிலாந்து ஆமி சுட்டு அஞ்சு பேர் செத்தவை. ஊரே கொதிச்சு நிண்டது. அந்த ஆமிக்காரருக்காகக் கோர்ட்டிலை நிண்டவர் ஆர்? அரசனை எதிர்த்த பக்கத்து வழக்கறிஞர். பிறகு அந்த நாட்டுக்கே சனாதிபதியா வந்தவர். ஏன் நிண்டவர்? சாட்சி இல்லாமல் ஒருத்தனையும் தண்டிக்க ஏலாது எண்டது அவை இங்கிலாந்திலையிருந்து கொண்டுவந்த சட்டம். கோபம் வந்த உடனை அதைத் தூக்கி எறிய அவருக்கு மனமில்லை. எனக்கும் கோபம்தான். வரதன் எழுதினதை ஆர் கண்டது? கண்டவர் கையைத் தூக்குங்கோ.”

ஒரு கையும் எழவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். “செயலாளர், எழுதுறீர்தானே?”

“ஓம் அண்ணை” என்றேன். “சாட்சி இல்லை” என்று குறிப்பில் எழுதினேன். வாக்கெடுப்பில் நாலு வாக்கு வித்தியாசத்தில் வரதன் தப்பினார். ஆனால் அதற்குப் பிறகு அவர்களோடு ஒருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொண்டு, தெற்கு லண்டனில் டூட்டிங் பக்கம் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அண்ணை தன் காரில் என்னை ஏற்றி, கவுன்சிலிடமிருந்து எடுத்த பெட்டிசத்தின் பிரதியை என் மடியில் வைத்தார். “1.1, 1.2 எண்டு நம்பர் போட்டுப் பெட்டிசம் எழுதுற ஆள் வெம்பிளியிலை ஒராள்தான்” என்றார். கூட்டக் குறிப்பு எழுதிப் பழகிய கை. ஆங்கிலத்தில் பிழை விடத் தெரிந்த எனக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை.

“கேட்டது நியாயம். அந்த அமெரிக்கக்காரரும் அரசனுக்குப் பெட்டிசம் போட்டுப் பாத்தவைதான். கேக்கேல்லை எண்டவுடனை கடைசியா, இனி எங்களுக்குச் சுதந்திரம் எண்டு ஒரு தாள் எழுதினவை. பிடிபட்டால் தூக்கு எண்டு தெரிஞ்சும் அதுக்குக் கீழை பேர் போட்டவை.”

“எல்லாருக்கும் சொல்லப்போறியளோ அண்ணை?”

“நீர் சொல்லும்.”

நாலு வருடம் காத்திருந்தார். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் “வேறை விசயம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டு என்னைப் பார்ப்பார். நான் “பிற விடயங்கள்: இல்லை” என்று எழுதி முடிப்பேன். ஒருநாளும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோழையாகவே இருந்துவிட்டேன். அவர் உயிரோடிருக்கும்போது சொல்லாததற்காக என்னை நானே மன்னிக்கப்போவதில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தப் பார்வையைத்தான். வரதன், நீங்கள் சரியானதைக் கேட்டீர்கள், நேரில் வந்து கேட்டீர்கள். உங்கள் பெயரைக் கெடுத்தவன் நான். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் இருப்பேன். கேட்க வேண்டியதை எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

இதை அண்ணையின் மகளிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கேட்டாள்: “பேரோடை போடட்டோ மாமா?”

“ஓம். பேரோடை போடு.”

சி. பாலகுமார்
செயலாளர்