அவித்த நெல் நனைந்த அன்று

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் அம்மா மேனேஜராக இருந்தாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விசில் ஊதித்தான் ஆட்களை வேலை வாங்குவாராம். அம்மாவோ களத்தில் நெல் காயவைக்கும் பெண்களிடம் "கொஞ்சம் வர்றீங்களா?" என்றுதான் கேட்பாள். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதியே ஐந்தாம் வகுப்பை அடக்கிவைத்திருந்த லீடர் நான்.

ஒரு சனிக்கிழமை அம்மாவோடு மில்லுக்குப் போயிருந்தேன். மாரியம்மாள் பத்து நிமிடம் பிந்தி வந்தாள். அம்மாவைவிட மூத்தவள். முதலாளி அவளை எல்லார் முன்னாலும் "வாடி, போடி" என்று திட்டிவிட்டு, காரில் ஏறிக் கும்பகோணம் போய்விட்டார். களத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. களம் முழுக்க அவித்த நெல் பரந்து கிடந்தது. அம்மா முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இப்ப எந்திரிக்காதவ இனிமே வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடும்மா!"

"அதை நான் சொல்ல மாட்டேங்க" என்றாள் அம்மா.

நேரே கொட்டகைக்குப் போனாள். "அவர் பேசினது தப்புக்கா. பக்கத்துலயே நின்னுக்கிட்டு நான் வாயத் திறக்கல பாருங்க, அது அதைவிடத் தப்பு" என்று மாரியம்மாளிடம் சொன்னாள். வேலைக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்கவேயில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகையால் நெல்லைத் தனியாகவே தள்ளிக் குவிக்கத் தொடங்கினாள். ஒருவரும் அசையவில்லை.

"அவங்க பேரையெல்லாம் எழுதி வைம்மா" என்றேன்.

"வெளக்குமாத்தை எடுத்துட்டு வாடி" என்றாள்.

முதல் தூறல் விழுந்தபோது மாரியம்மாள் எழுந்தாள். நெல்லை மூட அம்மா இழுத்துவந்த தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள். பின்னாலேயே மற்றவர்களும் ஓடி வந்தார்கள். ஆனாலும் நேரமாகிவிட்டது. களத்தின் ஒரு பக்கம் முழுக்க நனைந்துபோயிற்று.

மாலையில் முதலாளி வந்து நனைந்த நெல்லை அள்ளிப் பார்த்தார். "யாரால ஆச்சு இது?"

அம்மா முன்னால் வந்தாள்.

"என்னாலதாங்க. காலையிலேயே நான் பேசியிருக்கணும். இனிமே யாரையாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க. அவங்களை அப்படிப் பேசாதீங்க."

அவர் வெகுநேரம் கத்தினார். அம்மா தலையைக் குனியாமல் நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உக்காந்திருந்தது அவங்கதானே? நீ ஏம்மா பொய் சொன்னே?"

"பொய்யில்லடி" என்றாள்.

மறுநாள் ஞாயிறு, மில்லுக்கு விடுமுறை. ஈர நெல்லை அப்படியே விட்டால் வாடை அடித்துவிடும் என்று, விடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போய்ப் பார்த்தால், பூட்டிய கேட்டுக்கு வெளியே பன்னிரண்டு பேரும் நின்றார்கள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"ஒத்தையா என்னத்தைப் பண்ணுவீங்க? கதவத் தொறங்க" என்றாள் மாரியம்மாள்.

அம்மா முதலில் வேறொரு சாவியைப் பூட்டில் போட்டுத் திருகினாள். நான் மட்டும் தெளிவாக இருந்தேன். முதலாளி போட்ட சத்தம் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.