வெல்மாவின் ஒரு பவுண்டு

கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் என்ற ஊரின் துறைமுகக் கேன்டீனில் சமைக்கும் வெல்மா ஃப்ளெட் நல்ல கனமான பெண்மணி. கொழுந்தன் க்ளிஃபர்ட் கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஒரு கோடையில் நிலம் அளக்க வந்த பெண் ஒருத்தி, கேரிபூ மான்கறிக் குழம்பைச் சப்புக்கொட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்.

"ஹட்சன் விரிகுடாப் பக்கம் பூமியோட இழுப்பு, இருக்க வேண்டியதவிட கொஞ்சம் கம்மிங்க."

அவ்வளவுதான்.

"கேட்டியாடா? நம்ம ஊர்ல எல்லாருமே லேசுதான்!" என்றாள் வெல்மா.

"அத நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி சொல்லட்டும் மதனி," என்றான் க்ளிஃபர்ட்.

அன்றிலிருந்து அவள் இரண்டாவது ரொட்டியை மனச்சாட்சி உறுத்தாமல் தின்றாள். தபால் நிலைய வாசலில் பனியில் சறுக்கி விழுந்தபோதும், "வேற ஊரா இருந்தா இடுப்பு போயிருக்கும்," என்று சிரித்தபடி எழுந்தாள்.

குளிர்காலத்தில் நாத்தனார் மகளுக்கு மெக்சிகோ நகரத்தில் கல்யாணம். வெல்மா தன் குளியலறை எடை மெஷினைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அங்கே எடை கூடும், க்ளிஃபர்டின் வாயை அடைக்கலாம் என்பது திட்டம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி முழித்தான்.

"இத எதுக்கும்மா தூக்கிட்டுப் போறீங்க?"

"சாட்சி சொல்லத்தான் தம்பி."

ஓட்டலில் விடிந்ததும் ஏறி நின்றாள். முள் ஒரு பவுண்டு குறைத்துக் காட்டியது! இறங்கி, மெஷினைத் தட்டி, மறுபடி ஏறினாள். அதே கதைதான். கல்யாணத்துக்குக் கூட வந்திருந்த க்ளிஃபர்டை ஏற்றினாள், அவனும் எடை குறைந்திருந்தான். ஆனாலும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கல்யாணச் சாப்பாட்டுல இளைச்ச மொத ஆளு நீங்கதான் மதனி!"

வெல்மா அந்த அளவைக்காரப் பெண்ணுக்கே போன் போட்டாள்.

"உங்க ஊர்ல இருக்க வேண்டியதவிடக் கம்மின்னுதாங்க சொன்னேன். துருவத்துப் பக்கம் போகப் போக இழுப்பு கூடும். மெக்சிகோ தெற்க இருக்கு, மலை மேல வேற. அங்க அதவிடக் கம்மி."

போனை வைத்துவிட்டு மறுபடி மெஷின் மேல் ஏறி நின்றாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப நம்ம ஊர்ல கூடக் காட்டுற அந்த ஒரு பவுண்டு என்னோடது இல்லடா. அது ஊரோடது!"

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸிடம், "ஊர்ப் பங்கக் கழிச்சுட்டு எழுதும்மா," என்றாள். நர்ஸ் மசியவில்லை.

வரிசையில் பின்னால் நின்ற க்ளிஃபர்ட் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "எனக்காச்சும் கழிங்க சிஸ்டர்."