தாம்பரம் வந்ததும் காலியான மேடை

இன்றைக்கு அனுப்பிரியாவின் நாடகம் என்றால், நின்றுகொண்டாவது பார்க்கிறோம் என்று ஆட்கள் வாசலில் கெஞ்சுகிறார்கள். அவளுடைய முதல் நாடகத்திலோ நடித்தவர்களே பாதியில் எழுந்து போய்விட்டார்கள். நம்பாதவர்கள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் வந்து கிளியம்மாளைக் கேட்டுக்கொள்ளலாம்.

திண்டிவனத்தில் டயர் கடை வைத்திருக்கும் சக்திவேலின் மகள் அவள். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை என்று சொல்லிக் கிளம்பி வந்தாள். வேலை ஒரு சாக்கு. நாடகப் பைத்தியம்தான் இழுத்து வந்தது. விஷயம் தெரிந்ததும் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஒரு நாடகம் போடு, நானே வந்து பார்க்கிறேன்; ஜனங்களுக்குப் பிடித்தால் அங்கேயே இரு, இல்லாவிட்டால் அன்றைக்கே பெட்டியோடு என்கூடக் கிளம்பு என்றார்.

அவள் குடியிருந்தது கிளியம்மாள் வீட்டு மாடியறையில். கிளியம்மாள் பரம்பரை உள்ளூர்க்காரர். அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில்தான் பக்கத்து அபார்ட்மெண்ட் நிற்கிறது. அங்கே பொங்கல் விழாவில் மேடை தருகிறோம் என்றதும் அனுப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டே பேர் நடிக்கும் நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டு ஓடினாள். அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் பட்டாபிராமன் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார். அடுத்த மூச்சில், வீட்டுக்கு ஒருவருக்காவது வசனம் வேண்டும், ஒரு வீடு விட்டுப்போனாலும் சங்கம் இரண்டாகிவிடும் என்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

அன்று முழுக்க அழுதாள். அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. இத்தனை பேர் நெருக்கியடித்து நின்று ஆளுக்கொரு வரி பேசும் இடம் ஊரில் எது? மின்சார ரயில்தானே! நாடகத்தை அப்படியே ரயிலில் ஏற்றிவிட்டாள். கிளியம்மாளுக்கும் ஜன்னலோரம் ஒரு நாற்காலி கொடுத்தாள். அவர் அபார்ட்மெண்ட்காரர் இல்லையே, தூங்கினால் போதும், வசனம் வேண்டாம் என்றார் பட்டாபிராமன்.

விழா நாள் வந்தது. அப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரயிலில் வைக்கப் பெட்டி வேண்டுமே என்று, ஊருக்குக் கட்டிவைத்திருந்த தன் பெட்டியையே அனுப்பிரியா மேடையில் வைத்திருந்தாள்.

கடைசிக் காட்சிக்காக ரயில் அறிவிப்பை அசல் போலவே பேசிப் பதிவுசெய்து பட்டாபிராமனின் போனில் போட்டிருந்தாள். அவரோ மனைவி வசனம் பேசும் அழகை அதே போனில் படமெடுக்கப் போனார். விரல் தவறியது. பாதி நாடகத்தில் ஒலிபெருக்கி முழங்கியது: அடுத்த நிலையம் தாம்பரம்.

அவ்வளவுதான். தினமும் அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய கால்கள் தானாக எழுந்தன. ஒருவர் பையைத் தோளில் மாட்டினார். இன்னொருவர் இறங்குபவர்களுக்கு வழி விடச் சொல்லி அதட்டினார். மொத்த ரயிலும் முட்டி மோதிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியது. பந்தல் வாசலில் போய்த்தான் பலருக்கும் நாடகம் நினைவுக்கு வந்தது.

மேடையில் மிஞ்சியது பெட்டியும் கிளியம்மாளும். வேலைக்கென்று ரயிலேறிப் போனவரில்லை அவர். அந்தக் குரல் அவரை அசைக்கவில்லை. அனுப்பிரியா மானம் போனாலும் போகட்டும் என்று ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளியம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னா பாப்பா, அல்லாரும் எறங்கிட்டாங்கோ. வண்டி ஓடிகினு கீது. நீ எங்க எறங்கணும்?"

எழுதாத வசனம் அவள் வாயில் வந்தது. "எனக்கு இங்கதான்க்கா எறங்கணும். எங்கப்பா திண்டிவனத்துல எறங்குன்றார்."

"அவுரு வூடு திண்டிவனம், அவுரு எறங்கட்டும். உன் வூடுதான் இங்க கீதே."

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. அதற்குப் பிறகு இருவரும் வாய்க்கு வந்ததைப் பேசப் பேச, இறங்கியவர்களே கீழே நின்று கைதட்டினார்கள். அவள் ஆசைப்பட்டது இரண்டு பேர் நாடகம். கடைசியில் அதுதான் நடந்தது. சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியதால் அப்பா சிரித்தாரா என்பது மட்டும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் மேடையேறி வந்தார். நேராகப் போய்ப் பெட்டியைத் தூக்கினார். சரி, திண்டிவனம்தான் என்று அவள் செருப்பைத் தேடினாள்.

"கல்லாட்டம் கனக்குது," என்றார். கிளியம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம்?"