கதவோரத்து வாண்டு

எங்கள் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். வண்டி ஓட்டுகிறவன் நானே ஆனாலும் என் ஹாரனை யார் மதிக்கிறார்கள்? அக்கா ஒரு சத்தம் போட்டால் தெருவே ஒதுங்கும்.

அந்தச் சத்தத்துக்கும் மசியாத ஐந்து வயது வாண்டு ஒன்று அந்த வருடம் வந்து சேர்ந்தது. பெண் வாண்டு. கடிக்கும். ஒரே மாதத்தில் நான்கு பிள்ளைகளின் கையில் பல் பதிந்தது. இன்னொரு தடவை கடித்தால் வேனில் இடமில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தாய்க்குத் துணி ஆலையில் வேலை. வேன் இல்லையென்றால் வாண்டுக்குப் பள்ளியும் இல்லை.

"விட்டுடுக்கா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றேன்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள்.

மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். நான்காம் நாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏறுறவங்கள ஒண்ணும் பண்ணலடா. இறங்குறவங்களத்தான் கடிக்குது. அதோட அப்பா வேலைக்குன்னு போனவரு இன்னும் வரலையாம். இது இறங்குறது கடைசி ஸ்டாப்ல. என் கண்ணெதிர்ல இருக்கட்டும்னு கதவோரம் உக்கார வச்சேன் பாரு, அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் இறங்கிப் போறாங்க. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

இடத்தை மாற்றுவாள் என்று பார்த்தேன். மாற்றவில்லை, வேலை கொடுத்தாள். இறங்குகிறவர்களுக்குப் பையை எடுத்துக் கொடுத்து, "நாளைக்கு வருவியா?" என்று வாண்டு கேட்க வேண்டும். பதில் சொல்லாமல் யாரும் போகக் கூடாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் தாமதம், பின்னால் நிற்கிற வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கியதெல்லாம் நான்.

முதல் நாளே ஒரு பையன் பதில் சொல்லாமல் இறங்கப் பார்த்தான். வாண்டு அவன் கையைப் பிடித்து வாயருகே கொண்டுபோனது. எனக்கு உயிரே போய்விட்டது.

"பதில் சொல்லுடா!" என்று அக்கா கத்தினாள்.

"வருவேன், வருவேன்!"

வாண்டு கையை விட்டது.

இரண்டு வாரம் கடியே இல்லை. அதற்குள் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கி, மறுநாள் பல்லைப் பிடுங்க லீவு சொல்லியிருந்தாள். அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் வாண்டு தன் பையைத் தானே மாட்டிக்கொண்டு இறங்கியது. இரண்டடி போய்த் திரும்பியது.

"நாளைக்கு நீங்க வருவீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"வருவேன் கண்ணு."

கதவைச் சாத்திவிட்டு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை பிடுங்கிக்கலாம். வண்டிய எடு" என்றாள்.